கோயிலுக்கு அடுத்த வளைவு

பௌர்ணமி கழிந்த செவ்வாய், இரவு.

ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் இந்த ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் நேராகவே ஓடுகிறது. முன் டயரில் காற்றைக் குறைத்தேன், ஸ்பிரிங்கையும் மாற்றினேன். இன்றும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை வளைவில் கடலைக் கொல்லைக்குள் இறங்கப் பார்த்தது.

"இத வித்துடுங்க" என்ற என் மனைவி செல்வி, சாவியை வாங்கித் தானே ஓட்டினாள். அதே வளைவில் கார் அழகாகத் திரும்பியது.

"என்ன பண்ண?" என்றேன்.

"ஒண்ணும் பண்லங்க. லிங்கம் கோயில் வந்துச்சு. ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுத்துட்டு, ஒரு கைய நெஞ்சுல வெச்சு கும்பிட்டேன்."

காலை எடுத்ததும் பாரம் முன் சக்கரத்துக்கு வந்து பிடிப்பு கூடியிருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சாயங்காலம் தனியாகப் போய் அதே இடத்தில் காலை எடுத்தேன். கார் திரும்பியது. கோயில் வாசலையே மிதிக்காத ஆள் நான். அப்போது என் கை எதற்கு நெஞ்சுக்குப் போனது என்றுதான் தெரியவில்லை.