அடுத்த பந்தும் அவளுக்கே

ஜனவரி 9

மழை விட்டு இத்தனை நாளாகியும் மைதானத்தின் ஒரு மூலையில் சேறு காயவில்லை. பாதி மைதானத்தில்தான் பெண்கள் கால்பந்துப் பயிற்சி. முடிந்து கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கிளப் தலைவர் வந்தார். மரச்சாமான் கடை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்தபடிதான் பேசுவார். கோல் கம்பத்தைத் தட்டிக்கொண்டே, "உங்க தத்துவம் என்னம்மா? பெரிய கோச்சுங்க எல்லாம் டிவியில சொல்றாங்களே, நமக்குன்னு ஒண்ணு வேணாமா?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். டயர் கடையிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "ஓடு, உதை, ஜெயி. நான் அதை வெச்சுத்தானே இத்தனை வருஷம் ஓட்டினேன்?"

ஓட்டினார்தான், ஒரு பெண்ணின் முகத்தில் தண்ணீர் பாட்டிலை விட்டெறிந்த நாள்வரை. இவரை நீக்கிய கையோடு தலைவர் என்னைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார். "வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் மென்றுகொண்டிருக்கிறோம்.

ஜனவரி 12

தத்துவத்துக்கு எழுதிப் பார்த்தேன். ஒற்றுமை. அடித்துவிட்டேன். கட்டுப்பாடு. அதையும் அடித்துவிட்டேன். எல்லாம் காலண்டரில் தேதிக்குக் கீழே போடுகிற வார்த்தைகள்.

ஜனவரி 20

இன்று ஒன்று கண்ணில் பட்டது. பந்தைப் பறிகொடுத்தவுடன் இந்தப் பெண்கள் பந்தைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறார்கள். திட்டு எப்போது வரும் என்று. நானும் ஒரு காலத்தில் இவரிடம் ஆடியவள்தான், எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

எல்லோரிலும் மோசம், நாங்கள் டைலர் என்று கூப்பிடுகிறவள். பகல் முழுக்கத் தையல் கம்பெனியில் மிஷின் மிதித்துவிட்டு வந்து பின்வரிசையில் நடுவில் ஆடுகிறாள். ஒரு முறை தவறினால் போதும், அதன்பின் பந்து வரவே வராத இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொள்கிறாள். திறந்த மைதானத்தில் ஒருத்தி எப்படி இவ்வளவு நன்றாக ஒளிய முடிகிறது?

ஜனவரி 27

இரண்டு விதி சொன்னேன். நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்த மாட்டேன். பந்தை யார் தொலைக்கிறாளோ, திரும்பக் கிடைத்ததும் முதலில் அவளிடமே கொடுக்க வேண்டும்.

"தொலைச்சவகிட்டயேவா?" என்றாள் நர்ஸ். எங்கள் கோல்கீப்பர், அணித்தலைவியும் அவள்தான். "வார்டுல நாங்க இப்படிப் பண்ணா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். டைலர் மட்டும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 6

ஒன்றுக்கு மூன்று. தோற்றோம். இவர் ஆட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரும் வழியில், "அங்க நின்னு என்ன, அஞ்சலிக் கூட்டமா நடத்துற?" என்றார். வண்டி ஓட்டுகிறவரிடம் சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 27

ஜெயித்தோம். டைலர் இரண்டு முறை தொலைத்தாள். இரண்டு முறையும் பந்து அவளிடமே போனது.

மார்ச் 18

வரிசையாக நான்காவது வெற்றி. இவர் கடைக்கு வருகிறவர்களிடம் "எல்லாம் நான் போட்ட அஸ்திவாரம்" என்கிறாராம். கடைப் பையன் வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறான். சரி, இருக்கட்டும்.

ஏப்ரல் 2

தலைவரிடம் என் தத்துவத்தைச் சொல்லிவிட்டேன். அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. உடை மாற்றும் அறைச் சுவரில் நீலப் பெயின்டில் எழுதவே வைத்துவிட்டார்: அடுத்த பந்தும் அவளுக்கே. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தானே யோசித்தது போலக் காட்டுகிறார்.

ஏப்ரல் 17

லீக்கில் கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், மேல் பிரிவுக்குப் போய்விடலாம். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் போகிறது. டைலர் பந்தைப் பறிகொடுத்தாள். அவர்கள் அடித்தார்கள், நர்ஸ் பாய்ந்து பிடித்துவிட்டாள். பிடித்தவள் டைலரைத் தேடினாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். டைலர் முகம் வெளுத்துப்போய் நிற்கிறது. வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டினாளோ? நர்ஸ் உருட்டிவிட்டாள். விதி அல்லவா. காலில் பந்து, கால் அசையவில்லை. வந்தவள் எடுத்துப் போய் உள்ளே தட்டிவிட்டாள். அவ்வளவுதான். ஒரு வருஷம் போச்சு.

ஜனங்கள் டைலரைப் பார்த்துக் கத்திய வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன்.

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேப்பர்காரங்க வெளிய நிக்கிறாங்க. பசங்க நான் சொன்னதைக் கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க வேலை உங்ககிட்டயே இருக்கும்."

வெளியே போய், "நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க" என்றேன். வீரம் ஒன்றும் இல்லை. வேறு எதையும் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 19

நீக்கிவிட்டார்கள். சுவருக்கும் வெள்ளையடித்தாயிற்று என்று நர்ஸ் போனில் சொன்னாள். ஒரு பூச்சில் நீலம் மறையவில்லையாம், இரண்டாவது பூச்சும் பூசினார்களாம்.

ஏப்ரல் 23

யாரைப் போட்டிருக்கிறார்கள்? வேறு யாரை, இவரைத்தான். பழைய விசில் எங்கே என்று என்னிடமே கேட்கிறார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே நீங்க."

"உனக்குக் குடுத்தப்ப நீ சொன்னியா?"

நான் இவரைக் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். "உன் இஷ்டம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதை இப்போது ஞாபகப்படுத்தி என்ன ஆகப்போகிறது? விசில் மேல் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

மே 4

நான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸ் கவுன்டரில் இருந்தபோது டைலர் வந்தாள், கம்பெனி பார்சல் அனுப்ப. இவர் அவளை முதல் நாளே அணியிலிருந்து எடுத்துவிட்டார். எடைபோட்டு ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

பிறகு கேட்டாள். "எதுக்குக்கா அன்னிக்கு எனக்கே குடுக்க வெச்சீங்க? வேற யாருக்காவது போயிருந்தா நான் இன்னும் ஆடிட்டு இருப்பேன்."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் ரசீதை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 5

நாள் முழுக்க அதேதான். எதுக்குக்கா, எதுக்குக்கா.

கொடுக்கிறவளுக்கு விதி போட்டேன். வாங்குகிறவளை என்ன செய்தேன்? உனக்கு வேண்டுமா என்று ஒரு நாளாவது கேட்டேனா? இவர் திட்டிப் பயமுறுத்தினார். நான் அன்பாகப் பயமுறுத்தியிருக்கிறேன். வித்தியாசம் எனக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது, அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

மே 11

கொடுக்காதே, கேட்கட்டும். அவள் கேட்கும்வரை காத்திரு. கேட்டால் மறுக்காதே.

யாருக்காக எழுதுகிறேன்? அணியே இல்லை.

ஜூன் 15

ஆபீஸ் குடோனுக்குப் பின்னால் லாரிகள் போன பிறகு இடம் காலியாகிறது, அங்கே பந்து ஆட ஆரம்பித்திருக்கிறோம். பார்சல் பிரிக்கிற பெண்கள் சிலர், தையல் கம்பெனியிலிருந்து சிலர். இரண்டு பேர் செருப்போடு ஆட வந்தார்கள். ஒருத்தி கையால் பிடித்துவிட்டு "இது தப்பா?" என்கிறாள். வீட்டில் சொன்னேன், இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜூலை 3

டைலர் வந்தாள். கம்பெனிப் பெண்கள் இழுத்து வந்தார்களாம். ஓரமாகவே ஓடினாள். யாரும் அவளுக்குப் பந்து கொடுக்கவில்லை. நானும் கொடுக்கச் சொல்லவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 22

வாராவாரம் வருகிறாள். கேட்பதில்லை.

செப்டம்பர் 9

தலைவர் ஆள் அனுப்பியிருக்கிறார். சீசனுக்கு முன் அவர்களுக்கு ஒரு பயிற்சி ஆட்டம் வேண்டுமாம். உதைத்துப் பழக ஒரு அணி என்று நேராகவே சொல்லியிருக்கலாம். எங்கள் பெண்களோ நிஜ மைதானம் என்று குதிக்கிறார்கள். சரி என்றேன்.

செப்டம்பர் 14

ஐந்து கோல். எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் பக்கம் கோலில் நின்ற நர்ஸுக்கு வேலையே இல்லை, கம்பத்தில் சாய்ந்து நின்றாள். இவர் எதிர்ப்பக்கம் நின்று தொண்டை கட்டக் கத்தினார், மூன்று கோல் போட்ட பிறகும்.

நான்காவது டைலரால் விழுந்தது. வழக்கமான தவறு, நின்று யோசித்தாள், பறித்துக்கொண்டார்கள். மறுபடி ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பந்து எங்களிடம் வந்தது. அப்போது ஒரு குரல் கேட்டது. "இங்க. எனக்குக் குடு." யார் குரல் என்று எனக்கே புரியவில்லை. கையை உயர்த்திக்கொண்டு டைலர் நின்றாள். கொடுத்தார்கள். தலை நிமிர்ந்து பார்த்து ஓரத்துக்கு நீளமாக அனுப்பினாள். அங்கே வாங்கியவள் வெளியே உதைத்துவிட்டாள். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. அதன்பின் ஐந்தாவதும் வாங்கினோம்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது இவருக்குக் குரலே எழும்பவில்லை.

"அஞ்சு" என்றார்.

"ஆமா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த டைலர் பொண்ணு இந்த சீசனுக்கு எனக்கு வேணும்."

"அவளைக் கேளுங்க."

"நான் கேட்டா வர மாட்டா. நீ சொல்லு, நீ சொன்னா வந்துடுவா."

"தெரியும்" என்றேன். "அதனாலதான் சொல்ல மாட்டேன்."