எஸ்தருக்கு என் அளவு

அம்மா,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் மேசை போட்டுப் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். எல்லாம் வேற்று நாட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு படத்தின் கீழும் பேர், வயது, எத்தனாவது படிக்கிறது என்று எழுதியிருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பை நாம் ஏற்றுக்கொள்ளலாமாம். "எந்தப் புள்ள வேணும் ஆன்ட்டி, பாத்து எடுங்க" என்றாள் மேசைக்குப் பின்னால் நின்ற பெண். மீன் கடையில் மீன் பார்க்கச் சொல்வதுபோல் இருந்தது. எனக்குக் கால் வலி, வெயில் வேறு. கைக்கு வந்த படத்தை எடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகனுடைய காரில் ஏறிப் புக்கிட் பாரு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், அந்தப் பெண்பிள்ளையின் கவுன் அவளுக்குச் சின்னது. அதன் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அப்போது வந்த உன் ஞாபகம் மூன்று நாளாகியும் போகவில்லை. எனக்கோ எழுபத்தேழு வயது. ஞாபகங்களைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை. எழுதியாவது இறக்கி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காஜா பெராங்கில் நாம் குடியிருந்த வாடகை வீடு, அப்பா போனபிறகு உன் தையல் மெஷினை நம்பித்தான் நடந்தது. பின்னால் இருந்த கம்போங் செட்டியிலிருந்து பெண்கள் கெபாயாச் சட்டை தைக்க வருவார்கள். தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி அவர்களுக்குத் தமிழ் வராது, உனக்கு மலாய் அரைகுறை, இருந்தாலும் மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பீர்கள். அந்த நாளில்தான் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா நம் கோயிலுக்கு வந்தாள். அங்கே ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு அவளுடைய மிஷன் நடத்தும் போர்டிங்கைப் பற்றிப் பேசினாள். ஒரு பிள்ளையை யாராவது ஏற்றுக்கொண்டால் அவள் படித்துக் கரையேறுவாள் என்றாள். முதலில் எழுந்து நின்றது நீ.

"ஒனக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு, இதுல ஊரான் புள்ள வேறயா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். நீ திரும்பிப் பார்க்காமலே சொன்னாய், "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்."

அந்தப் பழமொழியை எத்தனை தரம் உன் வாயால் கேட்டிருப்பேன்! கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

உனக்குக் கிடைத்த பிள்ளை எஸ்தர். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. என்னைப் போலவே ஏழு வயது, நான் பிறந்த அதே மாதம். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு உன் கையால் ஒரு கவுன் தைத்து அனுப்ப ஆசைப்பட்டாய். அளவுக்கு எங்கே போவது? என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாய். தோள், மார்பு, உயரம். கவுன் கப்பலேறிப் போனது. அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது என்று மிஸ்ஸியம்மா எழுதினாள். உனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதிலிருந்து வருஷா வருஷம் எஸ்தருக்கு என் அளவுதான். மூன்று வருஷமும் தப்பவில்லை.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். தபால் நின்றது. வெள்ளைக்காரி எழுதிய கடிதம் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று யாரோ சொல்ல, மிஸ்ஸியம்மாவின் கடிதங்களை ஒவ்வொன்றாய் அடுப்பில் போட்டாய். எஸ்தருக்கு என்ன ஆனதோ, போர்டிங்கில் வைத்திருக்கிறார்களோ, வெளியே அனுப்பிவிட்டார்களோ. ஒன்றும் தெரியாது. தெரியாததுதான் உன்னைத் தின்றது. ராத்திரி ஜெபத்தில் அவள் பேரைச் சொல்லும்போது உன் குரல் கம்மும். என் பேர் அதற்குப் பிறகு வரும், சாதாரணமாக.

தபால் நின்றால் என்ன, கவுன் நிற்கவில்லை. முதல் வருஷம் கடைசியாக மிஞ்சியிருந்த நீலத் துணி. அடுத்த வருஷம் ஜன்னல் திரை. தையல் நூல் கிடைக்காமல் அன்னாசி நாரைத் திரித்துத் தைத்தாய். நான் மாவு மூட்டைச் சாக்கில் தைத்ததைப் போட்டுக்கொண்டு திரிந்தேன், அது உடம்பெல்லாம் அரிக்கும். சாப்பாடு என்று பார்த்தால் மரவள்ளி, மரவள்ளி, மறுபடியும் மரவள்ளி. அரிசி என்பது கஞ்சியில் அங்கொன்றும் இங்கொன்றும் மிதப்பது.

ஆனாலும் டிசம்பர் வந்தால் என்னைச் சுவரோரம் நிறுத்தி அளவெடுப்பாய். "அட, அதே அளவுதான். ஒரு விரக்கடதான் கூடியிருக்கு" என்பாய். துணி பத்துமோ பத்தாதோ என்று கவலைப்பட்டவளுக்கு அதில் ஒரு நிம்மதி. ஒருநாள் பக்கத்து வீட்டு செட்டி அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை என்பதுபோல் மாச்சிக் என்றுதான் கூப்பிடுவோம். "அனாக் லு குருஸ்லா" என்றார். உன் மகள் மெலிந்துவிட்டாளே என்று அர்த்தம். நீ வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே சிரித்தாய். "பொம்பளப் புள்ள இந்த வயசுல அப்படித்தான் மாச்சிக்" என்று பாதி தமிழிலும் பாதி மலாயிலும் சொல்லி, துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். மாச்சிக் போய், கொல்லையில் பறித்த கீரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வருஷம் உன் கல்யாணச் சேலையில் கத்திரி வைத்தாய். மாம்பழ மஞ்சள் சேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, எனக்கு ஒண்ணு தைச்சுத் தரக் கூடாதா? அனுப்பவே முடியாத கவுன யாருக்குத் தைக்கிற?"

"ஒனக்கு நான் இருக்கேன். அதுக்கு யாரு இருக்கா?"

எனக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி, அந்த எஸ்தர் செத்துப்போகட்டும் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

அவள் சாகவில்லை. சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும் வந்த முதல் கடிதமே அவளுடையது. முத்து முத்தான தமிழ் எழுத்து. போர்டிங்கில் யாரையும் வெளியே அனுப்பவில்லை, இருந்ததைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம், எட்டாவது படிக்கிறேன், தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதியிருந்தாள். நீ அதை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடினாய். மாச்சிக்குக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது, அவரிடமும் வாசித்துக் காட்டினாய். உடனே சந்தைக்குப் போய் வெள்ளையில் சிவப்புப் பூப் போட்ட துணி வாங்கி, என்னை மறுபடி நிறுத்தி, இப்போதைய அளவுக்கு ஒரு கவுன் தைத்தாய். பழைய மூன்று, புதுசு ஒன்று, நான்கையும் கட்டி அனுப்பினாய். "பழசு சின்னதாப் போயிருக்கும். புதுசு கண்டிப்பா பத்தும்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

இரண்டு மாதம் கழித்துப் படம் வந்தது. வாசற்படியில் நின்றே உறையைப் பிரித்தாய். நான் உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க முயன்றேன், எட்டவில்லை, பக்கத்தில் வந்து பார்த்தேன். முன்வரிசையில் நான்கு சின்னப் பிள்ளைகள், நான்கு கவுன்கள். பின்னால் தாவணி போட்டு ஒரு பெரிய பெண், பக்கத்தில் நின்ற டீச்சரின் உயரத்துக்கு. அவள்தான் எஸ்தர். "அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பூப்போட்ட கவுன்கூட எனக்குப் பத்தவில்லை. அது போர்டிங்கில் இருக்கும் ஒரு பத்து வயதுத் தங்கைக்குச் சரியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

"யம்மாடி, எவ்ளோ வளந்துட்டா பாரு!" என்று முதலில் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. படத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி படத்தைப் பார்த்தாய். என் தோளைத் தொட்டாய். கழுத்தெலும்பைத் தடவினாய். கையைப் பிடித்து உயர்த்திப் பார்த்தாய். அத்தனை வருஷம் அளவெடுத்த கைதான் அம்மா, அன்றுதான் என்னைத் தொட்டதுபோல் இருந்தது.

"ஏன் பாப்பா நீ வளரல?"

எனக்குப் பதினான்கு வயது. இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"சோறு எங்கம்மா இருந்துச்சு?"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய். "ஒவ்வொரு வருசமும் ஒன்ன நிக்கவச்சு அளந்தேனே, பக்கத்துல இருந்தும் பாக்கலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாய். அப்பா செத்தபோதுகூட நீ அப்படி அழுததில்லை. அந்தப் பழமொழியை அன்றோடு விட்டாய். அதற்கப்புறம் எங்கே முட்டை கண்டாலும் வாங்கி வந்து என் வாயில் திணித்தாய். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றாய். நான் வளரவில்லை. இன்றைக்கும் அலமாரியின் மேல்தட்டுக்கு முக்காலி வேண்டும். எஸ்தர் படித்து டீச்சராகி, நீ போகிறவரை உனக்குக் கடிதம் எழுதினாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் கிடையாது.

உன்மேல் இருந்தது. மறைக்கவில்லை. நீ பார்க்கவில்லை என்ற குறையை ஆயுசு முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். உன் அடக்கத்தன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் அது என்னோடுதான் நின்றது. இந்த மூன்று நாளாகத்தான் வேறொன்று உறுத்துகிறது. நான் பார்த்தேனா? ஜப்பான் காலத்தில் சில மாதத்துக்கு ஒருதரம், தொளதொளத்துப்போன உன் ரவிக்கையைப் பிரித்து, பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொள்வாய். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் நான். ஏன் பிடிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எஸ்தரின் நான்கு கவுன்களும் என்ன நிறம் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அந்த மூன்றரை வருஷமும் உன் தட்டில் என்ன இருந்தது என்று, எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை அம்மா.