நீர் ஏறும் பொழுதில் பள்ளி

கடலும் கழியும் நிறைந்து வாழ்க. நம் நாட்டில் ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராவிடில், அதன் காரணத்தை அவ்வீட்டு வாயிலில் நின்று எவரும் கேட்பதில்லை. கேட்பது அவ்வீட்டு உலைமூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஒப்பென்று, எழுதாமலேயே எல்லோரும் காத்துவரும் வழக்கம் அது. அவ்வழக்கிலேயே பிறந்து வளர்ந்த நீள்கழி நாட்டுப் பெருந்தேவி முத்தணிநாச்சியார், புன்னைத்துறைத் தலைவரும் நம் கடற்காவலருமான ஏனாதி மாறன்கீரனார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையும் குடியும் கொடியும் ஓங்குக.

உம் ஊரிலிருந்து மீண்ட நம் தூதுவர் கொணர்ந்த செய்தியால் மகிழ்ச்சி தாளாமல், இருக்கையில் இருக்க மாட்டாது உலவிக்கொண்டே இதை எழுதுவிக்கிறோம். ஆண்டில் பாதி நாள் வெறும் பாய்களுக்கே பாடம் சொல்லிவந்த ஆசிரியர் அழிசியார், இன்று பிள்ளைகளை அமர்த்த இடம் போதாமல் படகுப் பாயை அவிழ்த்து விரித்திருக்கிறாராம்!

முதலில் விடியலில் பறையறைந்து அழைத்தனராம். வரி தண்டும் பறையென்று அஞ்சிய ஊரார், பிள்ளைகளையும் கோழிகளையும் சேர்த்தே படகடியில் ஒளித்தனராம். கேட்டுச் சிரித்தோம், அவர்கள் அஞ்சிய பறை நம்முடையது ஆதலால் பின்பு நாணினோம்.

அதன்பின் வலைமகளிர் தலைவி சேந்தி, நீர் வடியும் பொழுதில் இறால் தடவப் போகும் கைகளை எந்தப் பறையும் இழுக்காது என்றும், நீர் ஏறும் பொழுதில் பள்ளியைத் திறந்தால் பிள்ளைகள் தாமே வருவர் என்றும் உரைத்தாளாம். நாள்தோறும் பொழுதை மாற்றுவது நூல்முறை அன்று என ஆசிரியர் மறுக்க, கடல் நூல் படித்ததில்லை, ஐயா படித்தவர், ஆகையால் ஐயாவே விட்டுக்கொடுக்கட்டும் என்றாளாம். அன்றுமுதல் நீர் ஏறும்போது சங்கு முழங்குகிறது. தெருவுக்கு ஒரு தாய் வாயில்தோறும் சென்று, எதுவும் கேளாமல் நிற்கிறாள். உள்ளிருந்து பிள்ளை ஓடிவந்து அவள் கையைப் பற்றுகிறது.

ஆயினும் உம் மாளிகை வாயிலில் நிற்க எத்தாய்க்கும் துணிவில்லை. தலைவர் மகளுக்கு ஆகாத பாய் தங்கள் மக்களுக்கு மட்டும் எப்படி ஆகுமென்று வலைஞர் தெருவில் பேச்செழுந்து, சில பிள்ளைகள் மீண்டும் நின்றுவிட்டனர். இப்பேச்சு பரவினால் பள்ளி பழையபடி வெறிச்சோடும்.

ஆகவே இவ்வோலையை மீன்துறையில் ஊரார் அனைவரும் கேட்க, இறுதி வரி ஈறாக உரக்கப் படிப்பிப்பீராக. மறுவோலை வேண்டா, அடுத்த சங்கொலிக்கு உம் கைபிடித்து வரும் மகளே விடையாகுக. இரட்டைச்சுறா இலச்சினை பொறித்தோம். இது நம் ஆணை.

இலச்சினைக்குக் கீழே நம் கையாலேயே எழுதுவது: ஏனாதி, உம் மகள் கயல்நங்கை ஏன் பள்ளிக்கு வரவில்லை?