சித்தி சொன்னால் மட்டும்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நீ நலமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

பொங்கல் விடுமுறைக்கு உன் வீட்டில் இருந்துவிட்டு வந்த நாள் முதல் என் வாண்டு வாயில் ஒரே சித்தி புராணம். சித்தி வீட்டில் அடம் இல்லை, அலறல் இல்லை, தட்டைத் தூக்கி எறியவில்லை என்று நீயும் பெருமையாகச் சொல்லி அனுப்பினாய். இங்கே வந்த மறுநாளே வகுப்பில் பக்கத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டு, டீச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்டாள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "இவளுக்கு என்ன பிரச்சினைன்னு மார்ச் முடியறதுக்குள்ள ஒரு டாக்டர்கிட்ட தெளிவா கேட்டுட்டு வாங்க. இல்லேன்னா விடுதி வச்ச ஸ்பெஷல் ஸ்கூல்தான்" என்று சொல்லிவிட்டார். ஏழு வயசுப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு நான் இங்கே எப்படி இருப்பேன்?

முதல் டாக்டர் செல்லம் அதிகம் என்றார். இரண்டாமவர் துறுதுறுப்புக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார். அதைத் தின்று பாதி நாள் தூங்குகிறாள், மீதி நாள் பழைய குணம்தான். மூன்றாமவர் ஆட்டிசமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அப்படிப் பதில் சொல்ல என் வீட்டுக்காரரே போதும், டாக்டர் எதற்கு?

நீ அப்படி என்னதான் செய்தாய், சொல். பெற்று வளர்க்கிறவள் நான், நல்ல பேர் வாங்குகிறவள் நீ. எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மறைக்கவில்லை.

உன் அக்கா

மார்ச் 9

என் அருமை அக்காவுக்கு,

சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், துணி மடிக்கச் சொல்வேன், மடிப்பாள். கோணல்மாணலாகத்தான் மடிப்பாள், ஆனால் மடிப்பாள். சாக்லேட் லஞ்சம் கொடுத்திருப்பேன் என்று நீ நினைப்பது தெரியும். மாமா தலையில் அடித்துச் சொல்கிறேன், கொடுக்கவில்லை.

ஒன்று சொல்வேன், கோபப்படாதே. ஒரு வருஷம் அவள் என்னிடம் இருக்கட்டுமே? அடுத்த தெருவிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. இவரும் சரி என்று சொல்லிவிட்டார். விடுதிக்கு இது எவ்வளவோ மேல். உள் அறையை அவளுக்காக ஒழித்து வைத்திருக்கிறேன். யோசித்துச் சொல்.

உன் தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

அறையை ஒழித்தாகிவிட்டது, புருஷனிடம் பேசியாகிவிட்டது, பள்ளிக்கூடமும் பார்த்தாகிவிட்டது. பெற்றவளிடம் கேட்பதுதான் கடைசி வேலை, இல்லையா?

நீ எப்படி மயக்கினாய் என்று எனக்குத் தெரியும். அழைத்துப்போக வந்த அன்று உடனே உள்ளே வராமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைக் கோணிக் கோணி, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாய். கூத்து மேடை தோற்றது. அவளும் உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் முகத்தை அவள் ஒருநாளாவது அப்படிப் பார்த்திருக்கிறாளா? நான் அடுப்படியிலிருந்து பத்து தடவை கத்தினால் பதினோராவது தடவை திரும்புவாள், அதுவும் முறைத்துக்கொண்டு.

பிள்ளை பெறாதவள் எனக்குப் பிள்ளை வளர்க்கக் கற்றுத்தர வேண்டாம். வேறொரு டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அங்கேயும் ஒன்றும் தெரியாமல் போனாலும் என் பிள்ளை உன்னிடம் வரமாட்டாள்.

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

நான் மேடையேறவில்லை. எங்கள் தையல் கூடத்தில் இருநூறு மெஷின் ஒன்றாக ஓடும். பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. தோளைத் தொடுவோம், வாயசைப்போம், கையைக் காட்டுவோம். அங்கே எல்லோரும் அப்படித்தான். அது வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "இங்கயும் மெஷின் ஓடுதா?" என்று இவர் தினமும் கிண்டல் செய்கிறார். உனக்குத்தான் அது வசியமாகத் தெரிகிறது.

உனக்கு மட்டுமா பொறாமை? நீ அவளைத் திட்டிக்கொண்டே தலை வாரிவிடுவாயே, அதைப் பார்த்து எனக்கு எத்தனை நாள் நெஞ்சு எரிந்திருக்கிறது தெரியுமா? திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு பிள்ளை இல்லை. அதையே நீ எடுத்து எழுதிவிட்டாய். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச உன்னைவிட்டால் ஆள் கிடையாது.

நீயாக எழுதும்வரை நான் எழுதமாட்டேன்.

தங்கை

மார்ச் 29

என் தங்கமே,

அந்த வார்த்தையை நான் எழுதியிருக்கக் கூடாது. நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை, எழுதமாட்டேன் என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

புதிய டாக்டரம்மாவிடம் போனோம். வாண்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்து நாற்காலிக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல உன்மேல்தான் புகார் வாசித்தேன். "நாங்க யாரு சொன்னாலும் கேக்க மாட்டா டாக்டர். என் தங்கச்சி சொன்னா மட்டும் கேப்பா. மயக்கி வச்சிருக்கா." "உங்க தங்கச்சி எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டார். எனக்குக் கேட்கவா வேண்டும்! எழுந்து போய் வாண்டின் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே குனிந்து, உன்னைவிட அதிகமாகவே வாயைக் கோணி, கையை ஆட்டி, "வாண்டு, செருப்பை எடுத்துப் போட்டுக்கோ" என்று உன்னைப் பழித்துக் காட்டினேன்.

உதைப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்து, செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தால் தன் வாயை மறைத்துக்கொண்டு அதே குரலில், "இப்ப கழட்டிடு கண்ணு" என்றார். இவள் ஒன்றும் நடக்காதது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நேராகக் காது பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு காதிலும் குறை, தங்கமே. தட்டு விழுந்தால் கேட்கும், கதவு அடித்தால் கேட்கும், அதனால் நாங்கள் யாரும் காதைச் சந்தேகப்படவே இல்லை. பேச்சில் பாதி எழுத்துகள்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பேசும்போது சில எழுத்தை விழுங்குவாளே, மழலை என்று கொஞ்சினோமே, அதுவும் இதனால்தான். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் இவளுக்கு வகுப்பே முடிந்த மாதிரி. மாத்திரையை டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். விடுதிப் பேச்சும் முடிந்தது. முன் பெஞ்சில் உட்காரவைக்கிறோம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

முந்தாநாள் இரண்டு காதுக்கும் மெஷின் பொருத்தினார்கள். திரும்பி வரும்போது சாலையைக் கடக்கையில் பழக்கதோஷத்தில், "கையைப் பிடிடி!" என்று கத்திவிட்டேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா என்மேல எப்பவும் கோவமாவே இருக்க?" என்று கேட்டாள். இல்லைடி, கோபமில்லை என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதேன், வண்டிக்காரர்கள் திட்டினார்கள்.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னிடம் பொய் எழுத வரவில்லை. "சித்திகிட்ட போன்ல பேசணும்" என்று நேற்றிலிருந்து நச்சரிக்கிறாள், நான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். இந்த வாரம் முழுக்க என் குரலை மட்டும் அவள் கேட்கட்டும் என்று இருக்கிறது. இந்த அற்பத்தனத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடு.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். வாசலிலிருந்தே அவளைக் கூப்பிடு, கேட்டு ஓடிவருவாள். அந்த நேரம் நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன். அதை நின்று பார்க்கிற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

உன் அக்கா