பாரீஸ் பெண்ணுக்குக் கொடுத்த குங்குமம்

போன ஞாயிற்றுக்கிழமை நம் பையன் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, இங்கே விஜயநகரிலேயே ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு அழைத்துக்கொண்டு போனான். மேடையில் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு இடுப்பை அசைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கீழே முந்நூறு நானூறு பேர் கையில் தட்டோடு நின்று மென்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தமும் பாட்டும் சேர்ந்து காதில் விழுந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "சுகரா தாத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டி வைத்தேன். செத்துப்போய் ஆறு வருஷமான பெண்டாட்டி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னோடு பேச வேண்டும் போலவே இருக்கிறது. பேசுவதற்குப் பதில் எழுதுகிறேன், கேள். நடுவில் திருத்த நீ இல்லையே என்பதுதான் குறை.

சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் ஒரு பெண் ஆடுவதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. அது யுத்த காலத்துத் தசரா. மைசூர் முழுக்க வெளியூர்க்காரர்கள். சாமுண்டி மலைக்குப் போகிற பக்கம் இருந்த ஒரு பெரிய ஓட்டலில் ராத்திரிச் சாப்பாட்டோடு வெரைட்டி ஷோ என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். 'பாரீஸ் மாநகரிலிருந்து நேராக வந்திருக்கும் மிஸ் லோலாவின் காபரே நடனம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யுத்தம் நடக்கிற சமயத்தில் பாரீஸிலிருந்து எந்தக் கப்பலில் வந்தாள் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

நான் அப்போது ரயில்வே ஆபீசில் சாதாரண கிளார்க். ஹெட் கிளார்க் ரிட்டயர் ஆகப்போகிற நேரம். அந்த நாற்காலி யாருக்கு என்பது எங்கள் ஆபீசர் கையில் இருந்தது. கன்னடக்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறவனைத்தான் அவருக்கு நினைவிருக்கும். ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் மனைவியோடு அந்த டின்னருக்கு வர வேண்டும் என்று அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டேஷன் சாப்பாட்டு அறையிலிருந்து முள்கரண்டியும் கத்தியும் இரவல் வாங்கி வந்து, சமையலறையில் உன்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். காய்கறி கட்லெட்டுக்கு எங்கே போவது? இட்லியை வைத்துத்தான் பழகினோம். நீ முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த இட்லியையே பார்த்தாய்.

"குத்தியா சாப்பிடணும்? பாவங்க" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. கிளம்புகிற அன்றைக்கு நீ ஒரு சின்ன டப்பாவில் புளியோதரை கட்டிப் பைக்குள் வைத்ததைப் பார்த்ததும் கோபம் இரண்டு மடங்கானது. ஜட்காவில் போகிற வழியெல்லாம், பெரிய ஓட்டலுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த ஓட்டல் பாத்திரத்தில் என்னென்ன வெந்திருக்குமோ, எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள் என்று நீ நிதானமாகச் சொன்னாய். ஜட்காக்காரன் வேறு சிரித்தான்.

ஓட்டலில் நமக்குக் கிடைத்த மேஜையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும். முன்வரிசையில் ஆபீசரும் அவர் மனைவியும், கூடவே அவருடைய விருந்தாளியான ஒரு காபித் தோட்டக்காரரும். நமக்கோ சமையலறைக் கதவுக்கும் மேடையின் பக்கவாட்டுத் திரைக்கும் நடுவில் ஒரு மூலை. பரிமாறுகிற பேரர்கள் சூப்பைத் தூக்கிக்கொண்டு நம் தோளை உரசிக்கொண்டே போனார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். நீ அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. அந்த மூலையிலிருந்து மேடைக்குப் பின்னால் நடப்பதும் தெரிகிறதென்று உனக்கு ஒரே குஷி. மாஜிக்காரன் ஒரு பேரருடைய தலைப்பாகையிலிருந்து முட்டையை எடுத்தபோது நீ வாய்விட்டுச் சிரித்தாய். நாலு மேஜை திரும்பிப் பார்த்தது. நான் உன் காலை மிதித்தேன். என்ன மனுஷன் நான்!

நீ ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. உன் டப்பாவையும் திறக்கவில்லை. ஒருத்தர் நமக்காக வேர்க்க வேர்க்க ஆடும்போது நாம் மென்றுகொண்டே பார்ப்பது எப்படி என்று கேட்டாய். இது நாகரிகம், உனக்குத் தெரியாது என்றேன்.

அப்புறம் பேண்டு வாத்தியம் மாறியது. மிஸ் லோலாவின் முறை. திரைக்குப் பின்னால் அவள் வந்து நின்றது நம் மூலையிலிருந்து மட்டும்தான் தெரிந்தது. முகம் முழுக்க ரோஸ் பவுடர், சுருட்டிவிட்ட முடி, முழங்கால் வரைக்கும் ஜிகினா கவுன். மேடையில் கால் வைப்பதற்கு முன்னால் அவள் சட்டென்று குனிந்தாள். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் உதட்டில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குள் ஓடினாள்.

நீ என் கையைப் பிடித்தாய். அவள் ஆடி முடித்துத் திரைக்குள் வந்ததும், துணைக்கு இருந்த ஒரு கிழவியிடம் இடுப்பில் ஊக்கு குத்துகிறது, பார் பெரியம்மா என்று தமிழில் சொன்னது எனக்கே கேட்டது.

"என்னங்க, நம்ம பொண்ணுங்க அது" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. "யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க. அவ பொழப்பு போயிடும்."

சரி என்று தலையை ஆட்டினேன். நெஞ்சில் கையை வைத்துச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் மனதாரத்தான் ஆட்டினேன்.

கட்லெட் வந்த சமயம் மற்ற கிளார்க்குகள் ஒவ்வொருவராக எழுந்துபோய் ஆபீசரிடம் தலையைக் காட்டிவிட்டு வந்தார்கள். நானும் போனேன். அன்றைக்கு அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. தோட்டக்காரர் பாரீஸில் ஒரு வருஷம் இருந்தவராம். இந்த மாதிரி கால் அசைவெல்லாம் அந்த ஊர் மண்ணில் பிறந்தால்தான் வரும், மற்றவர்களுக்கு ஏழு ஜன்மத்துக்கும் வராது என்று அளந்துகொண்டிருந்தார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆபீசர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு சந்தர்ப்பத்தை விட்டால் இனி என்னை அவருக்கு ஞாபகமே இருக்காது என்று தோன்றியது.

சொல்லிவிட்டேன். சார், அவள் பாரீஸும் இல்லை, ஒன்றும் இல்லை, தமிழ்ப் பெண் என்று.

ஆபீசர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். என் முதுகிலும் ஒரு தட்டு தட்டினார். ஆனால் தோட்டக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. உடனே ஓட்டல் மானேஜரைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணை இங்கே வரச் சொல், நான் பிரெஞ்சில் நாலு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லட்டும், சொல்லாவிட்டால் இத்தனை பெரிய மனுஷர்களை ஏமாற்றிய கூட்டத்தை இன்றைக்கே மூட்டை கட்டச் சொல் என்று சத்தம் போட்டார். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று முணுமுணுத்தேன். அது யார் காதிலும் விழவில்லை. எழுந்து நம் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, தட்டில் இருந்த பீன்ஸை எண்ணுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

மானேஜர் அவளை அழைத்துக்கொண்டு வந்தார். கவுனுக்கு மேல் யாருடைய கோட்டோ போட்டிருந்தாள். அவள் நடந்து வந்ததைப் பார்த்த யாருக்கும், இருபது வயதுகூட ஆகாத பெண் பயந்துபோய் வருகிறாள் என்று தெரிந்திருக்கும். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அப்புறம் எழுந்தாய்.

தண்ணீர்க் குழாயடியில் நாலு பெண்கள் இருந்தாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நிற்கிறவள் நீ. அத்தனை மேஜைகளுக்கு நடுவில் நேராக நடந்து ஆபீசர் மனைவியிடம் போய் நின்றாய். அந்தக் குழாயடியிலேயே கற்றுக்கொண்ட கன்னடத்தில் பேசினாய். நவராத்திரி நாள், நாம் இத்தனை சுமங்கலிகள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு ஒரு கன்னிப்பெண் வந்து நிற்கிறாள், மஞ்சள் குங்குமம் கொடுக்காமல் அவளை எப்படி அனுப்புவது, முதலில் நாம் கூட்டிக்கொண்டு போவோம், ஆண்களுடைய பேச்சு அப்புறம் ஆகட்டும் என்று சொன்னாய். குரலை உயர்த்தவே இல்லை.

சாயங்காலத்திலிருந்து அந்த அம்மாள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள், குங்குமம் என்று காதில் விழுந்ததும், நிஜந்தானே, எனக்கே தோன்றியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பையிலிருந்து வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்தார். ஆபீசர் மனைவி எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? ஏழெட்டுப் பெண்களும் பட்டுப்புடவை சரசரக்க எழுந்தார்கள். மேஜைமேல் இருந்த வாழைப்பழத்தையும் வெற்றிலையையும் அள்ளிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணை நடுவில் விட்டு, பெண்கள் அறைக்குள் அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினீர்கள். தோட்டக்காரர் தன் பிரெஞ்சை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நவராத்திரிக் குங்குமத்துக்குக் குறுக்கே நின்று பேச மைசூரில் எந்த ஆண்பிள்ளைக்குத் தைரியம் வரும்?

புட்டிங் வந்தது, காபி வந்தது. கதவு திறக்கவில்லை. கடைசியில் பேண்டு மகாராஜா கீதத்தை வாசித்தது. எல்லாரும் விறைப்பாக எழுந்து நின்றோம். ஷோ முடிந்துவிட்டது. தோட்டக்காரர் வண்டி வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தாள்.

உள்ளே என்ன நடந்தது என்று ஜட்காவில் வரும்போது கொஞ்சம் சொன்னாய். வெற்றிலை பாக்கை நீட்டியதும், முந்தானை இல்லாத குறைக்குக் கவுனின் ஓரத்தை இரண்டு கையாலும் விரித்து வாங்கிக்கொண்டாளாம். அதைப் பார்த்த அத்தனை பெண்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டதாம். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றாய். அவள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை, விருந்தாளிகள் முடித்த பிறகுதான் ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடாம். உன் புளியோதரையை நின்றுகொண்டே தின்று முடித்தாளாம். கோலார் தங்கவயலில் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டார், அவள் கால்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது என்றாய். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தோட்டக்காரருக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்றும் நீ கேட்கவில்லை. கேட்டுவிடுவாயோ என்று வீடு வந்து சேருகிறவரை ஜட்காக்காரன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ மாஜிக்காரனுடைய முட்டையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

தையில் ஹெட் கிளார்க் நாற்காலி எனக்கே கிடைத்தது. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து, பார்த்தாயா என் சாமர்த்தியத்தை என்று குதித்தேன். ஆபீசர் என்னிடம் நிஜத்தில் சொன்னது வேறு. என் வீட்டுக்காரி உன் மனைவியைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறாள், அப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டு ஆளை நம்பலாம் என்றார். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உன் கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாய். ஒரு நாள் மத்தியானம் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு அந்த மேஜையில் சொன்னவன் நான்தான் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். எழுபதைத் தாண்டிய கிழவன் விக்கி விக்கி அழுவதை நர்சுப் பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"தெரியுமே" என்றாய். "அந்த மேஜையிலேருந்து வந்து உக்காந்தப்ப நீங்க என் மூஞ்சியைப் பாக்கல."

"நாப்பது வருஷமா ஏண்டி ஒரு வார்த்தைகூட கேக்கல?"

"திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பீங்க" என்றாய்.

நான் மறக்கவில்லை. ஆபீசில் எத்தனை பேர் என்னை நம்பி எத்தனையோ சொன்னார்கள். ஒருத்தருடைய விஷயமும் என் வாயிலிருந்து வெளியே போனதில்லை. ரொம்ப அழுத்தக்காரர் என்று என்னைச் சொல்வார்கள். உன்னால் வந்த பெயர் அது.

அந்தப் பெண்ணுடைய சொந்தப் பெயர் என்ன என்று எத்தனையோ தடவை உன்னிடம் கேட்டிருக்கிறேன். மறந்துபோச்சு என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், நான் கேட்காமலே, என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்து அந்தப் பெயரைச் சொன்னாய். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனாலும் இதில்கூட அதை நான் எழுதவில்லை, பார்.