பேறுகாலம் பார்க்க ஒரு விசா

9 நவம்பர் 2024, சனி

அம்மாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் யாரையோ அடிக்கப் போகிற மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறாள். "சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாக" என்றாள். "முறைக்கச் சொல்லலையே" என்றேன். விளக்குமாறு பறந்து வந்தது. குனிந்தேன். பழக்கம்தான்.

பெயர்: பொன்னுத்தாயி. குடும்பப் பெயர்: பாண்டிமுருகன். இருபத்தெட்டு வருடமாக அப்பா பெயரை வாயால் சொல்லாதவள். இனி இங்கிலாந்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவள் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சந்திரலேகா அக்காவுக்குப் பிப்ரவரியில் பிரசவம். லீட்ஸில் நர்சாக இருக்கிறாள். ரவிக்குமார் மச்சானுக்கு ஷிப்டு வேலை. அவருக்கு அம்மா இல்லை. அங்கே கூட இருக்க வேறு ஆள் கிடையாது. ஆகவே அம்மா போக வேண்டும். ஆகவே விசா.

16 நவம்பர், சனி

காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உடையப்பன் அண்ணனின் டிராவல்ஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவர் முழுக்க ஏரோப்ளேன் காலண்டர். விசாவில் இத்தனை ரகம் இருப்பது இன்றுதான் தெரிந்தது. படிக்கப் போனால் ஸ்டூடண்ட். வேலைக்குப் போனால் ஒர்க், அது அக்காவுடையது. ஒர்க் விசாக்காரரைக் கல்யாணம் செய்தவருக்கு டிபெண்டன்ட், அது மச்சானுடையது. மணவறையைச் சுற்றும்போது மச்சான்தான் அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். விசாவில் அக்கா அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். டிரான்சிட் என்றால் இறங்கி அடுத்த ஏரோப்ளேன் ஏற மட்டும். மானாமதுரை ஜங்ஷன் மாதிரி: முறுக்கு வாங்கலாம், ஊருக்குள் போகக் கூடாது.

அம்மாவுக்கு விசிட். அப்பாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை.

"பெத்தவ மக வீட்டுக்குப் போறதுக்குப் பேரு விசிட்டா? விருந்தாளியா அவ?"

"பேருதாண்ணே அப்படி. ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாம். ஒண்ணே ஒண்ணு, அங்க போயி வேலை பாக்கக் கூடாது. வேலைக்குப் போறாகளோன்னு ஒரு சந்தேகம் வந்தாலே ரிஜெக்ட்டு. ரிஜெக்ட் ஆச்சுன்னா அடுத்த தடவை போடயில அதையும் சொல்லணும்."

அம்மா உடனே, "வேலை பாக்காம அங்குட்டுப் போயி என்ன தம்பி செய்ய? பேறுகாலம் பாக்கணும், பிள்ளையப் பாக்கணும், அடுப்படியப் பாக்கணும்..."

"யக்கா, யக்கா! அங்க யாருகிட்டயும் இப்புடிச் சொல்லிறாதீக!"

விசாவுக்குப் பின்னால் 'ரணை' சேர்த்தால் விசாரணை என்றேன். உடையப்பன் அண்ணன் மட்டும் சிரித்தார். நல்ல மனிதர்.

23 நவம்பர், சனி

வரிசையாக எழுதுகிறேன்.

விசா பாரம் நிரப்ப மறுபடி டிராவல்ஸ் போனோம். எல்லாம் கம்ப்யூட்டரில், எல்லாம் இங்கிலீஷ். "நீதான் வேகமா அடிப்பியே, நீயே அடி ஆத்தா" என்று அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தீவிரவாதச் செயலில் ஈடுபட்டதுண்டா என்று ஒரு கேள்வி. விளக்குமாறு எறிந்தது அதில் சேருமா என்று அம்மாவைக் கேட்டேன். தலையில் கொட்டினாள்.

அப்புறம் அந்தக் கட்டம். எதற்காக வருகிறீர்கள், விவரமாக எழுதவும்.

"பேறுகாலம் பாக்கன்னு போடு" என்றாள் அம்மா.

எனக்குள் இருக்கிற குட்டிச்சாத்தான் விழித்துக்கொண்டது. 'டெலிவரி ஒர்க், ஃபுல் டைம்' என்று அடித்தேன். அம்மா முதுகில் பார்சல் பையை மாட்டிக்கொண்டு லீட்ஸ் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டுவது போலக் கண்ணுக்குள் ஒரு படம். சிரிப்பை அடக்க முடியவில்லை. திரையைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. 'மாத்திருடி லூசு' என்றும் வந்தது. மாற்றத்தான் நினைத்தேன். சத்தியமாக. அதற்குள் அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம்.

"எல்லாம் சரியாப் பாத்துட்டியாத்தா? அனுப்பிட்டா திருத்த முடியாது."

"ரெண்டு தடவை பாத்தாச்சுண்ணே."

ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. டீயும் வெங்காய போண்டாவும் வந்திருந்தன. அவர் அழுத்தினார். போய்விட்டது.

பஸ்ஸில் வரும்போது பிரின்ட்டைப் புரட்டினேன். ஏழாம் பக்கம். டெலிவரி ஒர்க். ஃபுல் டைம்.

பக்கத்து சீட்டில் அம்மா கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மூத்தவ பேறுகாலத்துக்கு லண்டன் போறேன் தம்பி." லீட்ஸ் என்றால் யாருக்கும் தெரியாது என்று லண்டன் ஆக்கிவிட்டாள்.

24 நவம்பர், ஞாயிறு

ஒன்றும் ஆகாது. அத்தனை ஆயிரம் பாரத்தில் இந்த ஒரு வரியை எவர் படிக்கப் போகிறார்?

25 நவம்பர், திங்கள்

படிப்பதுதானே அவர்கள் வேலை.

27 நவம்பர், புதன்

சுக்கு காய்கிறது. ஓமம் காய்கிறது. அம்மா பேறுகால மருந்து இடிக்கத் தயாராகிறாள். தேவகோட்டையில் போய் இரண்டு ஸ்வெட்டர் எடுத்து வந்திருக்கிறாள். ஒன்றைப் போட்டுப் பார்த்து, வியர்த்து, கழற்றி, மடித்து, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

சொல்லணும். நாளைக்குச் சொல்லிறணும்.

28 நவம்பர், வியாழன்

சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா போனில் இருந்தாள். ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது, இவளுக்குத்தான் பிரஷர் ஏறுகிறதாம். வேலைக்குப் போக வேண்டாம், ஓய்வெடு என்று சொல்லிவிட்டார்களாம். மச்சான் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இவள் மட்டும். நாலு சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவள், பத்துப் பேர் பிரசவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், போனில் விசும்பி விசும்பி அழுதாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. வந்துருவியில்ல?"

"வராம? மடக்குன்னு வந்துருவேன்."

அந்த 'மடக்கு' என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அழகி என்று பெயர் வைத்தவர்கள் அறிவு என்று வைத்திருக்கலாம். அதுவாவது இருந்திருக்கும்.

29 நவம்பர், வெள்ளி

சொல்லிட்டேன்.

அம்மா கடலைச் செடி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய ஆரம்பித்தேன். நான் தானாக வேலை செய்தாலே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். "என்னடி செஞ்ச?" என்றாள்.

சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. பேறுகாலத்துக்கும் டெலிவரி, வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்து கொடுப்பதற்கும் டெலிவரி, அதனால் அம்மா அங்கே போய் பார்சல் கொடுக்கிற வேலை பார்க்கப் போவது மாதிரி... என்று விளக்கினேன். ஒரு ஜோக்கை, அதனால் அடிபடப் போகிற ஆளுக்கே விளக்கிச் சொல்வதை விடப் பெரிய தண்டனை கிடையாது.

"இதுல சிரிப்பு எங்கடி இருக்கு?"

இல்லை. எங்கேயும் இல்லை.

திட்டவில்லை. விளக்குமாறு வரவில்லை. ஆய்ந்த செடியையே திரும்ப எடுத்து ஆய்ந்தாள், அதில் ஒரு கடலையும் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை. "அடிச்சிரும்மா" என்றேன்.

"ஒன்னைய அடிச்சா விசா வருமா? நாளைக்கு உடையப்பன்கிட்ட போவோம். நீதான் சொல்லணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

30 நவம்பர், சனி

சொன்னேன். உடையப்பன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னை வெறுங்கண்ணால் பார்த்தார்.

"ரெண்டு தடவை பாத்தேன்னியேத்தா?"

"ஒரு தடவைகூடப் பாக்கலண்ணே."

"வாயி மானாமதுரை வரைக்கும் நீளுது. கண்ணு ஒரு பக்கம் நீளலையே!"

பாரத்தைத் திருத்த முடியாதாம். ஆனால் வியாழக்கிழமை சென்னையில் கைரேகை. அதற்கு முன்னால் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம், அதோடு ஒரு கடிதமும் வைக்கலாம். அவர்கள் ஏற்பார்களா என்பது அவர்கள் பாடு.

"டைப்பிங்கில தப்பாயிருச்சு, ஏஜென்ட் தப்புன்னே எழுதிருவோம்க்கா. எனக்கொண்ணும் இல்ல."

அம்மா தலையாட்டினாள். அது 'சரி' என்கிற ஆட்டல் இல்லை. "ஒங்க மேல ஏன் தம்பி போடணும்? சின்ன மக வெளையாட்டா எழுதிருச்சு, பாக்காம அனுப்பிருச்சுன்னே எழுதட்டும். நடந்தத எழுதுனா நாளைக்கு எவன் கேட்டாலும் அதையே சொல்லலாம்."

கடிதத்தை நானே எழுத வேண்டும் என்று தீர்ப்பு. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. தமிழில் எல்லாவற்றையும் 'பார்த்து'விடுகிறோம். வேலை பார்க்கிறோம், மகளைப் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்க்கிறோம், பேறுகாலம் பார்க்கிறோம். இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். 'பேறுகாலம் பார்க்க' என்பதை அப்படியே மாற்றினால் அம்மா மருத்துவச்சி ஆகிவிடுகிறாள். 'பிள்ளை பார்க்க' என்றால் சம்பளத்துக்கு ஆயா. மூன்று காகிதத்தைக் கிழித்தேன்.

"நெசமா எதுக்கும்மா போற?"

"அவ பயந்துபோயி கெடக்கா. பக்கத்துல இருக்கணும்."

அதை எழுதினேன். என் மகளின் முதல் பிரசவம், அவள் பயப்படுகிறாள், அப்போது அவள் பக்கத்தில் இருக்க விரும்புகிறேன். ஒரு விகடமும் இல்லாமல் நான் எழுதிய முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் கேட்டார் அண்ணன். அம்மா திரும்பி வந்துவிடுவாள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். கூட வந்திருந்த அப்பா பட்டாவை நீட்டினார். டிராக்டர் ஆர்.சி. புத்தகம். கல்யாணப் பதிவு.

"இம்புட்டும் எதுக்குத் தம்பி? இவ இங்க இருக்காள்ல" என்று அம்மா என்னைக் காட்டினாள். "இவள விட்டுட்டு நான் எத்தன நாளைக்கி அங்க உக்காந்திருப்பேன்? வீட்டக் கொளுத்திருவா."

பள்ளியில் படிக்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். ஆக இணைப்பு ஆறு: இளைய மகள். எல்லாவற்றையும் கெடுத்தவளே ஆதாரம்.

5 டிசம்பர், வியாழன்

காலையில் பல்லவன் ரயிலில் ஏறி, மதியம் கைரேகை. அம்மாவின் ரேகை மெஷினில் விழவில்லை. களையெடுத்தும் புளி உடைத்தும் விரல்நுனி வழவழவென்று ஆகிவிட்டது. ரேகை எடுத்த பெண் ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாகத் தானே பிடித்து அழுத்தினார். நான்காவது தடவை விழுந்தது. "அம்மா நிறைய வேலை பார்ப்பாங்க போல" என்று சிரித்தார். அம்மா பதறி, "இல்லம்மா, அங்குட்டு ஒண்ணும் பாக்க மாட்டேன்!" என்றாள்.

18 டிசம்பர், புதன்

அரையாண்டுப் பரீட்சை. கெமிஸ்ட்ரி. எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நிஜமாகவே.

27 டிசம்பர், வெள்ளி

மெயில் வந்தது. முடிவு எடுத்தாயிற்றாம். என்ன முடிவு என்று போடவில்லை! பாஸ்போர்ட் கூரியரில் வருமாம், அதைத் திறந்தால்தான் தெரியுமாம். நானே இவ்வளவு கொடூரமாக ஒருத்தரையும் ஏய்த்ததில்லை.

உடையப்பன் அண்ணன் சொன்னார்: "இல்லைன்னு சொல்லியிருந்தா காரணம் எழுதி ஒரு கடுதாசியும் கூட வரும்."

31 டிசம்பர், செவ்வாய்

பதினொன்றரைக்குக் கூரியர். அப்பா கவரை உள்ளங்கையில் வைத்துக் கடலை மூட்டைக்கு எடை பார்க்கிற மாதிரி ஏற்றி இறக்கினார். "லேசாத்தான் இருக்கு." அம்மா வாங்கி என்னிடம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீதான அனுப்புன, நீதான் பிரிக்கணும்" என்றாள்.

பிரித்தேன். கடுதாசி இல்லை. பாஸ்போர்ட்டை உதறினேன். ஒன்றும் விழவில்லை. பக்கம் புரட்டினேன், வெள்ளை, வெள்ளை... ஒரு பக்கம் முழுக்க ஒரு ஸ்டிக்கர், அதில் முறைத்துக்கொண்டு அம்மா. விசிட். ஆறு மாதம்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்பா "ஏய்" என்றார், அவ்வளவுதான், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிராக்டர் பக்கம் போய்விட்டார். அம்மா என் தலையில் ஓங்கி ஒரு கொட்டு வைத்தாள். ஒரு மாதமாக வைக்காமல் சேர்த்து வைத்திருந்தது. வலித்தது. என்ன சுகமாக இருந்தது தெரியுமா!

அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன். பொம்மை எதுவும் வரவில்லை. போன்தான் வந்தது. எடுத்தால் அழுகை. இது வேறு அழுகை.

19 ஜனவரி 2025, ஞாயிறு

திருச்சி ஏர்போர்ட். இரண்டு ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அப்பா ஒரு கையைத் தூக்கி, பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

20 ஜனவரி, திங்கள்

இறங்கிவிட்டாள்! "என் மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகுது" என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து கொடுத்திருந்தேன். அங்கே அதிகாரி கேட்டதும் கடகடவென்று ஒப்பித்திருக்கிறாள். அவர் கேட்டது பெயரையாம். வாழ்த்துச் சொல்லி முத்திரை குத்திவிட்டாராம்.

5 பிப்ரவரி, புதன்

பெண். மூன்று கிலோ. நான் சித்தி!!

8 பிப்ரவரி, சனி

மதியம் சாம்பார் வைத்தேன். புளி தூக்கல். அப்பா இரண்டு தடவை மோர் ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து வீடியோ போட்டேன். அங்கே அப்போதுதான் காலை. அம்மா போனை முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"மெதுவாப் பேசு. ரெண்டு பேரும் தூங்குறாக."

போனைத் திருப்பிக் காட்டினாள். ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். கட்டிலில் அக்கா, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை பிள்ளை மேல். விடிவதற்கு முன்னால் இருந்து அசையவே இல்லையாம்.

அப்பா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். சார்ஜ் தீரும் வரைக்கும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.