பையன் சுமார்தான்

பேர்லேண்ட், டெக்ஸஸ்
மே 13

அன்புள்ள மாமாவுக்கு,

கண்மணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் நம் பையன் சபரியும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்து, கோவையிலிருந்து கோபிக்கு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டீர்கள் என்று அக்கா போனில் சொன்னார்கள். நிம்மதியாக இருந்தது. அவருக்கு ஊறுகாயைக் கண்ணில் காட்ட வேண்டாம் என்று அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் செய்தால் டாக்டர் வருகிறார் என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் முதல் வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்புகிறீர்கள். இங்கே இருக்கும் நம் ஊர் சாந்தி லீவுக்கு ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து கடைசி வரை படியுங்கள்.

வீட்டில் மாடி ஏசி மறுபடியும் மக்கர் செய்கிறது. புல் வளர்ந்துவிட்டது என்று ஹெச்ஓஏ குடியிருப்போர் சங்கத்தில் இருந்து நோட்டீஸ் வந்தது, சபரிதான் வெட்டினான். என்ன வேலை சொன்னாலும் செய்கிறான். உங்கள் பெயரை எடுத்தால் மட்டும் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறான். நீங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று என்னிடம் குறைப்பட்டீர்கள். ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? அண்ணனுக்கு ஆபரேஷன் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டிராஃப்ட் முடிந்த அதே வாரம் பையன் முகத்தைப் பார்க்காமல் கிளம்புவதற்கு அது உங்களுக்கு நல்ல சாக்காகவும் இருந்தது.

நான்கு வருடம் ஸ்டேடியத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இந்த அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்காரர்கள் கல்லூரியிலிருந்து எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ளவே இல்லை. அதனால் எழுதுகிறேன். நம் பையன் கிக்கர். மற்றவர்கள் முட்டி மோதி முடித்த பிறகு உள்ளே வந்து, ஒரே உதையில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்ப வேண்டியவன். அந்த ஒரு உதைக்காக வருடம் முழுவதும் அவனைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். கல்லூரிக்கு வந்து படம் எடுத்தார்கள். அரை டிராயரோடு நிற்க வைத்து உயரம், எடை, கை விரித்தால் எவ்வளவு என்று அளந்தார்கள். முட்டியை டாக்டர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினார்கள். அந்தியூர் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதைவிட மோசம். எல்லாவற்றையும் வைத்து ஒரு கிரேடு போடுவார்கள். ஏப்ரலில் அணி நிர்வாகிகள் எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்து, சுவரில் பெயர்களை வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டு, முறை வரும்போது மேலிருந்து ஒருவனை எடுப்பார்கள். அதுதான் டிராஃப்ட்.

உடம்பை அளந்து முடித்தால் குணத்தை அளப்பார்கள். கோச்சைக் கேட்பார்கள், ரூம்மேட்டைக் கேட்பார்கள், கடைசியில் வீட்டுக்கே வருவார்கள். மார்ச்சில் அந்த வடக்குப் பக்கத்து அணியிலிருந்து ஒரு பெரியவர் அப்படித்தான் வந்தார். பாவம், ஷூவைக் கழற்றச் சொல்லாமலே கழற்றினார். நான் காபியும் ஓமப்பொடியும் வைத்தேன். நீங்கள் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். பையன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், தோற்றுவிட்டு வந்தால் என்ன செய்வான், இந்த ஆட்டத்தில் அவனுக்கு எவ்வளவு ஆசை என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை உங்கள் வாயில் வந்தபடியே எழுதுகிறேன். "ஹி இஸ் ஜஸ்ட் ஓகே, சார். லேசி ஃபெல்லோ. மதர் ஸ்பாயில்ஸ் ஹிம்." அதோடு விட்டீர்களா? இதெல்லாம் ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான், அப்புறம் மாஸ்டர்ஸ் படிக்கப் போய்விடுவான் என்றும் சொன்னீர்கள். நான் அடுக்களையிலிருந்து கண்ணைக் காட்டினேன். நீங்கள் என்னை முறைத்தீர்கள். அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் டேப்லெட்டில் தட்டிக்கொண்டு, காபி ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரியும் மாமா. அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது. சொந்தப் பிள்ளையை நாமே மெச்சிக்கொண்டால் கண் பட்டுவிடும், அகராதி பிடித்தவன் என்று நாலு பேர் பேசுவார்கள். இங்கே மீனாட்சி கோயிலில் கஸ்தூரிரங்கன் அங்கிள் சபரியின் ஆட்டத்தைப் பார்த்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னால், "அட, ஏதோ சுமாரா உதைக்கிறானுங்க" என்பீர்கள். உடனே அவர், என்ன கோபாலசாமி இப்படிச் சொல்கிறீர்கள், தங்கமான பையன் ஆச்சே என்பார். நீங்கள் கீழே பார்த்துச் சிரித்துக்கொள்வீர்கள். அதைக் கேட்கத்தானே நீங்கள் அப்படிச் சொல்வது. நாம் குறைத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் கூட்டிச் சொல்ல வேண்டும், அது நம்முடைய வழக்கம். அது அந்த வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்? பெற்ற அப்பாவே சோம்பேறி என்கிறாரே என்று அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தியூர் சந்தையில் தன் மாட்டையே சோம்பேறி என்று சொன்ன ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மாட்டுக்குக் கிடைத்த வார்த்தை நம் பையனுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு பிரீத்திக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தபோது நீங்கள் வரும் போகும் ஆளிடமெல்லாம் புகழ்ந்து பேசினீர்கள். அவளுக்குக் கண் படாதா?

டிராஃப்டின் கடைசி நாள் உங்களுக்கு மறந்திருக்காது. கூட்டம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் நான் நாலு குடும்பத்தைக் கூப்பிட்டேன், பிரியாணி செய்தேன். சபரி போனை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். அந்த வடக்குப் பக்கத்து அணி தன் கடைசி முறையில் ஒரு கிக்கரைத்தான் எடுத்தது. வேறொரு பையன். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதாவது எழுந்து போய் அவன் தோளில் கை வைத்திருக்கலாம். நீங்கள் டிவியை அணைத்துவிட்டு, இனிமேலாவது மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணட்டும் என்றீர்கள். வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் டப்பாவில் பிரியாணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் சபரியின் ஏஜென்ட் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். அந்த அணியில் தெரிந்தவர்களிடம் விசாரித்தாராம். காலுக்கு நல்ல கிரேடுதான் போட்டிருந்தார்களாம். ஆனால் கடைசிக் கூட்டத்தில், இவனுக்கு ஆட்டத்தில் ஆசை இல்லை, சோம்பேறி, சீக்கிரம் விட்டுவிடுவான் என்று இவனுடைய அப்பாவே சொல்கிறார் என்று பேச்சு வந்திருக்கிறது. பெயரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். போனை வைத்த பிறகு நான் உங்களுக்காகத்தான் பேசினேன் மாமா. அப்பா மனசார அப்படிச் சொல்லவில்லை சாமி, அது நம் ஊர்ப் பேச்சு என்றேன். அவன் கோபப்படவே இல்லை. "ஹி டிட்ன்ட் லை, அம்மா. ஹி ஜஸ்ட் டோல்ட் தெம் வாட் ஹி திங்க்ஸ்" என்றான்.

டிராஃப்ட் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. உங்களைப் பற்றி அவன் இப்படி நம்பிக்கொண்டிருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிராஃப்டில் எடுக்கப்படாதவர்களைச் சில அணிகள் கூப்பிட்டு உதைத்துக் காட்டச் சொல்வார்கள். போன வாரம் வேறோர் அணி சபரியைக் கூப்பிட்டது. நன்றாக உதைத்தான். இப்போது அவனும் இன்னொரு பையனும்தான் மிச்சம், ஒருவனுக்குத்தான் இடம். நீங்கள் சொன்னது அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. அதனால் அப்பாவிடமே பேசிப் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் இந்திய நம்பரை நான்தான் கொடுத்தேன். சபரிக்கு அது தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன் வரும், எடுங்கள். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதீர்கள். மரியாதைக்காகக்கூட சுமார் என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் நல்லவன், உழைப்பாளி என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் படும் என்று பயந்தால், நான் இங்கே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். அந்தக் கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள்.

அண்ணனையும் அக்காவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நீங்களும் வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்மணி

பேர்லேண்ட்
ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

கண்மணி எழுதுவது. அண்ணன் வாசல் வரை நடக்கிறார் என்று கேட்டுச் சந்தோஷம். மாடி ஏசியை மாற்றியாகிவிட்டது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

சாந்தி கடிதத்தைக் கொடுத்த அன்றே நீங்கள் கூப்பிட்டீர்கள். திட்டப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அந்த அணிக்காரர்களிடம் சொல்வதற்காக இங்கிலீஷில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி, சரியாக இருக்கிறதா என்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். சபரி கல்லூரி இரண்டாம் வருடத்தில் கடைசி நிமிடத்து உதையைத் தவறவிட்ட கதை அதில் இருந்தது. எல்லாரும் போன பிறகு அவன் மழையில் தனியாக மைதானத்துக்குத் திரும்பிப் போய் உதைத்துக்கொண்டே இருந்ததை, நீங்கள் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். அவனுக்குத் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டு, டிராஃபிக் என்று, அன்று ஆட்டத்துக்கு வராமல் வீட்டில் இருந்த என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இவனைப் போல ஒருவனை என் குடும்பத்திலேயே நான் பார்த்ததில்லை என்று முடித்திருந்தீர்கள். அந்த இடத்தில் உங்களால் வாசிக்க முடியவில்லை.

போன் வரவில்லை மாமா. நீங்கள் குளிக்கப் போகும்போதுகூட அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததாக அக்கா சொன்னார்கள். அவர்கள் உங்களைக் கேட்காமலே அந்த இன்னொரு பையனை எடுத்துக்கொண்டார்கள். அவன் நன்றாக உதைத்தானா, அவனுடைய அப்பா நன்றாகப் பேசினாரா என்று யாரும் சொல்லவில்லை. இனி சொல்லவும் மாட்டார்கள். ஏஜென்ட் இரண்டு வரியில் செய்தி அனுப்பினார், அதோடு அவரும் முடித்துக்கொண்டார்.

சபரி ஹூஸ்டனில் ஒரு எனர்ஜி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தினமும் காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஃப்ரீவேயில் போய் வருகிறான். நல்ல வேலைதான், ஊரில் எல்லாரிடமும் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். முதல் நாள் கிளம்பும்போது கார் சாவியை எடுத்துக்கொண்டே, "அப்பா மஸ்ட் பி ஹாப்பி நவ்" என்றான். குத்திக் காட்டவில்லை மாமா. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான்.

நீங்கள் வாசித்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் சொன்னால், அம்மா சமாதானப்படுத்துகிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவான்.

முன்பின் தெரியாத ஒருவனிடம் சொல்வதற்கு நீங்கள் அத்தனை பாடுபட்டு எழுதினீர்கள். அவன் கூப்பிடவில்லை. போகட்டும், அவனுக்கா அது தேவை? இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சபரி வீட்டில்தான் இருக்கிறான். போனை எடுக்க வைப்பது என் பொறுப்பு, பக்கத்திலேயே நிற்கிறேன். இங்கிலீஷில் வேண்டாம், நமக்கு வரும் பேச்சிலேயே சொல்லுங்கள். அவனுக்குப் புரியும்.

நல்லா இருப்பீங்க மாமா, அவனைக் கூப்பிடுங்க.

கண்மணி